முதல் நோன்பு நோற்கவிருக்கும் பனியன் நகரத்துப் புதியவர்களுக்கு

அன்புள்ள சகோதர சகோதரிகளே,



சென்ற ரமலானுக்குப் பிறகு இந்தத் திருப்பூரிலும், இதைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளிப் பக்கங்களிலும் கலிமாச் சொல்லி இஸ்லாத்தைத் தழுவி, பகலெல்லாம் ஓவர்லாக் மிஷினுக்கும் கட்டிங் டேபிளுக்கும் அயர்ன் பெட்டிக்கும் முன்னால் ஜீவனம் நடத்தி வருகிற உங்களுக்கு, ஊரார் அனைவரும் படிக்கும்படியாகவே இம்மடலை எழுதுகிறேன். உங்களில் சிலர் பெயரை மாற்றிக்கொண்டு, அது அரசிதழில் வெளிவருவதை எதிர்பார்த்திருக்கிறீர்கள். சிலர் பழைய பெயரிலேயே சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் கையெழுத்திடுகிறீர்கள். வேறு சிலர் வீட்டாருக்கும் சொல்லாமல், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் சூப்பர்வைசரிடம் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டுப் போய் வருகிறீர்கள். இந்த மூவகையாருக்கும் வரப்போகும் நோன்பு ஒன்றேதான். அதற்கு அரசிதழும் வேண்டியதில்லை, ஜமாஅத்தின் முத்திரையிட்ட சான்றும் வேண்டியதில்லை. பிறை தெரிந்த இரவில் உள்ளத்தில் நோற்பதாக நிய்யத் (எண்ணம்) வைத்துக்கொண்டவர் எவரோ அவரே நோன்பாளி. நீங்கள் முஸ்லிமாவதற்கு முன்னால் கழிந்துபோன ரமலான்களுக்காக ஒரு நாளும் திரும்ப நோற்க வேண்டியதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் கலங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இதை எழுதுகிறவன் பிறப்பால் முஸ்லிம். எங்கள் வீடுகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளை முதல் நோன்பு வைக்கும் நாள் ஒரு சிறு கல்யாணத்துக்குச் சமானம். பாட்டி பகலில் இரண்டு மூன்று தரம் வந்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். பிற்பகலில் பிள்ளை சோர்ந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் கதை சொல்லிப் பொழுதைத் தள்ளுவார்கள். அந்தி நேரத்து மஃரிபு பாங்கு கேட்டதும் புதுச்சட்டையும் பூமாலையும், அத்தைமாரும் மாமன்மாரும் கையில் திணிக்கும் ரூபாய் நோட்டுமாக வீடு அமர்க்களப்படும். பசியைப் பிள்ளை உணர்வதற்கு முன்பே சுற்றியிருக்கிற பத்துப் பேர் அதைப் பங்கு போட்டுக்கொண்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற இந்தப் பக்கபலம், இருபத்தைந்து வயதில், லைன் வீட்டு ஒற்றையறையிலோ கம்பெனி ஹாஸ்டலின் அடுக்குக் கட்டிலிலோ முதல் நோன்பைத் தொடங்குகிற உங்களுக்கு இல்லை. பசியைப் பற்றி உங்களுக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்த தாயின் வயிற்றில் பிறந்தவர்களும், தைப்பூசத்துக்குப் பழநிவரை வெறுங்காலோடு நடந்தவர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். உடலை அடக்குகிற சாமர்த்தியம் கொங்கு நாட்டுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய சரக்கன்று. நான் அஞ்சுவதெல்லாம், நீங்கள் இந்த மாதத்தைத் தனியாக நோற்றுவிட முயல்வீர்களோ என்பதும், மார்க்கம் தானே முன்வந்து அளித்திருக்கிற சலுகைகளை வெட்கத்தினாலோ வைராக்கியத்தினாலோ ஒதுக்கிவிடுவீர்களோ என்பதும்தான்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், ரமலான் நோன்பு மதீனாவில் கடமையாக்கப்பட்டபோது அந்த ஊரில் பரம்பரை முஸ்லிம் என்று ஒருவர் இருந்திருக்க முடியாது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இன்று நீங்கள் எதிர்கொள்கிற முதல் ரமலானை அன்று நபிகள் நாயகத்தின் தோழர்கள் அனைவருமே ஒருசேர எதிர்கொண்டார்கள். ஆரம்பத்தில் விதி கடுமையாக இருந்தது. மாலையில் நோன்பு திறக்கும் நேரம் வந்தபின் உண்ணாமல் ஒருவர் உறங்கிவிட்டால், மறுநாள் மாலைவரை அவர் உண்ணலாகாது. கைஸ் இப்னு சிர்மா என்ற அன்சாரித் தோழர், பகலெல்லாம் உழைத்துக் களைத்து வீடு திரும்பி, சாப்பிட ஏதேனும் உண்டா என்று மனைவியைக் கேட்டார். ஒன்றும் இல்லை, போய்த் தேடிக் கொண்டு வருகிறேன் என்று அந்த அம்மையார் வெளியே சென்று திரும்புவதற்குள், அவர் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்ந்துவிட்டார். விதிப்படி இனி உண்ண முடியாது. அப்படியே மறுநாளும் நோன்போடு இருந்த அவர், நடுப்பகலில் மூர்ச்சையாகி விழுந்தார். செய்தி நபிகளுக்கு எட்டியது. அதன்பிறகுதான் இரவு முழுவதும், விடியலின் வெள்ளை இழை தெளிகிறவரையில், உண்ணவும் பருகவும் அனுமதி தருகிற இறைவசனம் அருளப்பட்டதாக ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். இன்று உலகத்து முஸ்லிம்கள் அனைவரும் விடியலுக்கு முந்திய சஹர் நேரத்தில் உண்ணுகிற ஒவ்வொரு கவளத்துக்கும் பின்னால், வேலை செய்து களைத்து விழுந்த ஒரு தொழிலாளி இருக்கிறார். ஆகவே, பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைக்கிறவன் தன் சிரமத்தை இமாமிடம் சொல்லி வழி கேட்பதைக் கோழைத்தனம் என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், கைஸ் அவர்களின் பெயரை நினைவுபடுத்துங்கள்.

அதே வசனத்தை ஒட்டிய இன்னொரு நிகழ்ச்சி, நூலும் இழையுமாகவே வாழ்கிற இந்த ஊருக்கு மிகவும் பொருத்தமானது. கொடையில் பெயர்பெற்ற ஹாத்திம் தாயி என்பவரின் மகன் அதீ, கிறிஸ்தவராக இருந்து பின்னர் இஸ்லாத்துக்கு வந்தவர். கறுப்பு இழையினின்றும் வெள்ளை இழை தெளிவாகிறவரை உண்ணலாம் என்பதைக் கேட்ட அவர், மெய்யாகவே ஒரு கறுப்புக் கயிற்றையும் ஒரு வெள்ளைக் கயிற்றையும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரவில் விழித்து விழித்துப் பார்த்தார். அவருக்கு வித்தியாசம் தெரியவேயில்லை. காலையில் நபிகளிடம் போய் இதைச் சொன்னபோது, அப்படியானால் உம்முடைய தலையணை வெகு அகலமாக அல்லவா இருக்கவேண்டும் என்கிற பாவனையில் அவர்கள் ஹாஸ்யமாகப் பேசி, அது இரவின் கருமையும் விடியலின் வெண்மையும் என்று விளக்கினார்கள். ஒரு புதியவரின் தவறு, அவருக்கு எந்த மானக்குறைவும் இல்லாமல், பதினான்கு நூற்றாண்டுகளாகப் பள்ளிவாசல்தோறும் போதிக்கப்பட்டு வருகிறது. நீங்கள் செய்யப்போகும் தவறுகளுக்கும் அந்த அளவு இடம் உண்டு. மறதியாய்த் தண்ணீர் குடித்துவிட்டால் நோன்பு முறிவதில்லை. நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டு தொடர வேண்டியதுதான். இது தெரியாமல், காலை பத்து மணிக்கே ஒரு மிடறு குடித்துவிட்டு, எல்லாம் போயிற்று என்று எண்ணி மத்தியானம் முழுச்சாப்பாடும் சாப்பிட்டவர்கள் உண்டு.

இனி உங்கள் அன்றாடத்துக்கு வருகிறேன். சந்திரக் கணக்கினால் ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2018இல் மே மாத நடுவில், தகரக் கூரைக்கடியில் உடல் வெந்துகொண்டிருக்கிற காலத்தில் வந்தது. 2025இல் மார்ச் 2 அன்று நம் மாநிலத்தில் தொடங்கியது. இனிச் சில ஆண்டுகளுக்கு அது மாசியையும் தையையும் கடந்து மார்கழியை நோக்கிப் போகும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில், 11 பாகை வடக்கில் இருப்பதால், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் நோன்பின் நீளத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இராது; தை, மாசியில் ஏறத்தாழ 13 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட ஐரோப்பாவில் நம் பனியனை வாங்கி உடுத்துகிற முஸ்லிம்கள் கோடையில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலும் நோற்க நேர்வதை நினைத்தால், நமக்கு வாய்த்திருப்பது சகாயமான கணக்குத்தான். வெயில் ஏறுமுன் முதல் நோன்பைப் பழகக் கிடைப்பதும் ஒரு பாக்கியமே.

கம்பெனி வேலையில் நோன்பாளியை வருத்துவது வெயிலைவிட டீ. முற்பகலில் ஒரு தரமும் பிற்பகலில் ஒரு தரமும் டீ கேன் வருகிறது. அதற்கு மேல் பேக்கரிக்குப் போய்க் குடிப்பவை வேறு. நாளொன்றுக்கு ஐந்தாறு டீ குடித்துப் பழகிய உடம்பு, முதல் நாள் மத்தியானமே தலைவலியால் பழி வாங்கிவிடும். பசி வந்துவிட்டது என்று அதை நீங்கள் தவறாக எண்ணிக்கொள்வீர்கள். ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில், இரண்டு வாரம் முன்னதாகவே, டீயை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கூடுமானால் அம்மாதத்தின் திங்கள், வியாழன்களில் ஓரிரு நோன்பு வைத்துப் பாருங்கள். நபிகளாரே மற்ற மாதங்களைவிட ஷஃபானில் மிகுதியாக உபரி நோன்பு வைத்து வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாளில் ஒத்திகை பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. மிஷின் ஓடுகிற நாளிலேதான் உடம்பின் யோக்கியதை தெரியும்.

காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடிகிற ஒன்றரை ஷிப்டு உங்களில் பலருக்கு வாடிக்கை. மஃரிபு நேரம் தை, மாசியில் மாலை ஆறேகால், ஆறரை என்பதனால், அது சரியாக அந்த அரை ஷிப்டின் நடுவில் வந்து விழுகிறது. முதல் வாரத்தில் மட்டுமாவது ஒரு ஷிப்டோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் நலம். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கும், வாடகைக்கும் சீட்டுக்கும் அந்த அரை ஷிப்டையே நம்பியிருப்பவர்களுக்கும் இது சுலபமன்று என்பதை அறியாமல் எழுதவில்லை. ஷிப்மென்ட் நெருங்கி நள்ளிரவுவரை வேலை நடக்கிற நாள் ஒருவிதத்தில் இலகுவானது. உண்ணக் கூடிய நேரம் இரவில்தானே இருக்கிறது. பகல் வேலையின் கடுமைக்கோ, அறுவடைக் கூலியாட்களைக் குறித்து ஷாஃபிஈ மத்ஹபின் (சட்ட வழியின்) அறிஞர்கள் வகுத்த ஒழுங்கு ஒன்றுண்டு: இரவில் நிய்யத் வைத்து நோன்போடுதான் வேலைக்குப் போகவேண்டும், நாளைக்குக் கஷ்டம் வரும் என்ற ஊகத்தின் பேரில் முன்கூட்டியே விட்டுவிடக் கூடாது, போன இடத்தில் உண்மையாகவே தாங்கமுடியாத நிலை ஏற்பட்டால் அப்போது முறித்து, பின்னர் அந்த ஒரு நாளைக் களாவாக (விட்டதற்கு ஈடாக) நோற்றுக்கொள்ளலாம். சாயப்பட்டறையில் கொதிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கும், அயர்ன் டேபிளில் நீராவிக்குள் நின்றே பொழுது கழிக்கிறவருக்கும் இந்த ஒழுங்கைப் பொருத்திப் பார்க்க இமாமிடம் போய்க் கேளுங்கள். உங்கள் வேலை இன்னது என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

பஞ்சுத் தூசியைப் பற்றி ஒரு சந்தேகம் எழலாம். கட்டிங்கிலும் செக்கிங்கிலும் மூக்குக்குள் போகிற தூசி நோன்பை முறிக்காது. மாவு சலிக்கிறவரின் தொண்டைக்குள் தவிர்க்க இயலாமல் போகிற மாவுக்கு எந்த மன்னிப்பைச் சட்ட அறிஞர்கள் அளித்தார்களோ, அதுவே இதற்கும் உரியது. தையல்காரருக்கு மட்டும் ஒரு விசேஷ எச்சரிக்கை இருக்கிறது. 1277இல் மறைந்த இமாம் நவவி, மின்ஹாஜ் என்ற தமது சட்டத் தொகுப்பில், நூலை எச்சிலால் நனைத்து, அந்த ஈரம் பிரியக்கூடிய நிலையில் மறுபடியும் வாயில் வைத்து, அதை விழுங்கினால் நோன்பு முறியும் என்கிறார். ஹனஃபி மத்ஹபின் சட்ட ஏடுகள் வேறொரு பக்கம் நுணுகிச் சென்று, வெறுமனே நூலை நனைப்பதால் முறியாது என்றும், சாயம் ஏற்றிய நூலின் நிறம் எச்சிலில் கலந்து, நோன்பின் நினைவோடே அதை விழுங்கினால் முறியும் என்றும் சொல்கின்றன. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் சிரியா தேசத்தில் இருந்த ஓர் அறிஞர், சிங்கர் மிஷினில் நூல் கோக்கும்போது முனையை நாவில் தொட்டுக்கொள்கிற நம் டெய்லரை மனக்கண்ணால் பார்த்துவிட்டாரோ என்று நான் வியப்பதுண்டு. எந்த மத்ஹபாக இருந்தாலும் சரி, டிரிம்மரால் நூல்முனையைச் சுத்தமாக வெட்டிவிட்டுக் கோத்துப் பழகிக்கொள்ளுங்கள். ரமலான் கழிந்த பிறகும் அது நல்ல பழக்கந்தான்.

நிய்யத் விஷயத்திலும் இந்த இரு மத்ஹபுகளுக்கிடையே சிறு வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ வழியில் ஒவ்வோர் இரவும், விடியலுக்கு முன்னரே, மறுநாள் நோன்பின் எண்ணம் உள்ளத்தில் ஏற்பட்டுவிட வேண்டும்; ஹனஃபி வழியில் ரமலான் நோன்புக்கு முற்பகல்வரை அவகாசம் இருக்கிறது. கொங்குப் பகுதியின் ராவுத்தர்களும் உருது பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். கீழக்கரை, காயல்பட்டினப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வியாபாரம் செய்கிறவர்கள் ஷாஃபிஈகள். உங்களைச் சுற்றி இரண்டும் காதில் விழும். முதல் வருஷத்தில் ஒரே ஓர் ஆலிமைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்வதோடு நின்றுவிடுங்கள். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா, பிறையைக் கண்ணால் பார்ப்பதா கணக்கிடுவதா என்று கடைத்தெருவில் நடக்கிற தர்க்கங்களில் உங்களை இழுக்க வருகிறவர்களுக்கு ஒரு சலாம் சொல்லிவிட்டு நகருங்கள்.

சஹர் உணவுதான் உங்களுக்கு மெய்யான பிரச்சினை. விடிகாலை ஐந்தரைக்கு முன்னால் உண்டு முடித்தாக வேண்டும். ஹாஸ்டல் சமையற்கட்டு அந்நேரம் திறந்திருக்காது. ஒற்றையறைவாசி அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி உறங்கிவிடுவான். சஹரில் பரக்கத் இருக்கிறது என்று நபிகளார் அறிவுறுத்தியிருக்க, அதை விட்டுவிட்டு நோற்பது பெருமை என்று எண்ணாதீர்கள். இரவு நேரத்துப் புரோட்டாவும் சால்னாவும் பகலில் தாகமாகத் திரும்பி வரும், ஊறுகாயும் அப்படியே. அம்மா வீட்டில் உண்டு வளர்ந்த அரிசிம்பருப்புச் சாதமும் தயிரும், அல்லது கம்மஞ்சோறும் மோரும், இரண்டு வாழைப்பழம், சில பேரீச்சம்பழம் என்றிருந்தால், பிரியாணி சாப்பிட்டவனைவிட நீங்கள் தெம்பாக இருப்பீர்கள். அதைவிட முக்கியம், உங்களை எழுப்பிவிட ஓர் ஆள். பழைய ஊர்களில் பக்கீர்சாக்கள் தாயிரா தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடி எழுப்பியதுண்டு. இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது, ஆனால் கைப்பேசிக்கு நீங்கள் எழுந்தீர்களா என்று திரும்பக் கேட்கத் தெரியாது. பக்கத்து லைனில் இருக்கிற ஒரு முஸ்லிம் குடும்பத்திடம், ஒரு மாதத்துக்குக் கதவைத் தட்டிவிடுங்கள் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். மறுப்பவர்கள் இருக்கமாட்டார்கள், பெரும்பாலும் ஒரு தட்டும் சேர்ந்தே வரும்.

மாலையில் எக்காரணத்தைக் கொண்டும் தனியே நோன்பு திறக்காதீர்கள். காதர்பேட்டையானாலும் பெரியதோட்டமானாலும் கோம்பைத்தோட்டமானாலும் பள்ளிவாசலுக்குப் போய்விடுங்கள். உச்சிப்பொழுதிலேயே அங்கே அடுப்பு மூட்டியாயிற்று. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் அண்டாவில் குழைந்துகொண்டிருக்கும். பூண்டு உரிக்கிறவர் ஒரு பக்கம், இஞ்சி அரைக்கிறவர் ஒரு பக்கம். கறியோ காய்கறியோ சேர்ந்து, பட்டையும் கிராம்பும் தாளிதமாகி, தேங்காய்ப்பாலும் புதினாவும் கடைசியில் விழுகிறபோது எழும் மணத்தை நோன்பாளியின் மூக்கு ஒரு தெரு தள்ளி இருந்தே கண்டுபிடித்துவிடும். நீளத் துடுப்பினால் ஒருவர் விடாது கிண்டிக்கொண்டே இருப்பார், நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். இந்தக் கஞ்சிக்கென்று தமிழக அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருவதும் நீங்கள் அறிந்ததே. அஸர் தொழுகை முடிந்ததும் வாசலில் தூக்குப்போசிகளோடு வரிசை நிற்கும். அந்த வரிசையில் பொட்டு வைத்த பெண்களையும், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு இந்தக் கஞ்சி நல்லது என்று நம்பி வருகிற பாட்டிமாரையும் பார்க்கலாம். நீங்களே சிறுவயதில் அவ்வரிசையில் நின்றவர்களாக இருக்கக்கூடும். இந்தத் தடவை வரிசையில் நிற்க வேண்டாம். உள்ளே பாயில் வந்து உட்காருங்கள். அறிமுகமில்லாத ஒருவர் பேரீச்சம்பழத்தை உங்கள் பக்கம் நகர்த்துவார். நோன்பாளி ஒருவரைத் திறக்கச் செய்தவருக்கு அந்த நோன்பாளியின் கூலிக்குச் சமமான கூலி உண்டு என்பது ஹதீஸ். எனவே அவருக்கு நீங்கள் உபகாரம் செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளுக்குப் பிரத்தியேகமாகச் சில வார்த்தைகள். மாதவிடாய் நாட்களில் நோன்பு கிடையாது. அந்நாட்களைப் பின்னர் வசதிப்படி நோற்றுக்கொள்ளலாம். அதை மறைப்பதற்காக ஹாஸ்டலில் பட்டினி கிடக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும், நோயாளிக்கும் பிரயாணிக்கும் சலுகை இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்கள் ரமலானுக்கு முன்பே இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பார்த்து வேளை மாற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் கூடாது என்றால் கூடாதுதான். பள்ளிவாசலில் பெண்களுக்கு இடமில்லாத ஜமாஅத்துகள் இன்னும் இருக்கின்றன. இது எனக்கு உடன்பாடானதன்று. ஆனால் அது மாறும்வரை நீங்கள் ஏதேனும் ஒரு குடும்பத்தின் வீட்டில் போய் நோன்பு திறக்க முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் உங்களுக்கு முன்னே நடந்தவர்கள் பலர். தென்காசிக்கு அருகே மீனாட்சிபுரத்தில், 1981 பிப்ரவரி 19 அன்று, சாதிக் கொடுமைக்கு ஆளாகியிருந்த தலித் குடும்பங்கள் திரளாக இஸ்லாத்தைத் தழுவின. திருநெல்வேலியிலிருந்த தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபை அந்நிகழ்ச்சியை நடத்தியது. டில்லிவரை அமளிப்பட்டது, அரபுநாட்டுப் பணமா, அரசியல் சூழ்ச்சியா என்று பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. அந்த ஆண்டு ரமலான் ஜூலை மாதத்தில் வந்தது. இத்தனை பேர் நிருபர்களாகவும் தலைவர்களாகவும் அவ்வூருக்குப் போய் வந்தார்களே, அந்த ஜூலை விடிகாலையில் எந்த வீட்டில் முதலில் விளக்கு எரிந்தது, சஹருக்கு என்ன சமைத்தார்கள், வயலில் நாற்று நட்ட பெண் மத்தியானத்தை எப்படித் தள்ளினாள் என்று விசாரித்து எழுதியவர் ஒருவரையும் நான் படித்த அளவில் காணவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: அவர்கள் ஓர் ஊராகவே மாறியதால் முதல் நோன்பையும் ஓர் ஊராகவே எதிர்கொண்டார்கள். தனி மனிதராக வந்தவர்களின் நிலை வேறு. பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியராகவும் நாத்திகப் பிரசாரகராகவும் தமிழகம் அறிந்திருந்த பெரியார்தாசன், 2010இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் ஆனார். அவருக்கு முதல் ரமலான் ஆகஸ்டில் வந்தது. வாழ்நாளெல்லாம் மேடையில் நின்று பேசிப் பழகியவருக்கே புதிய அநுஷ்டானம் பழகச் சில காலம் பிடித்திருக்கும் என்றால், சனிக்கிழமைச் சம்பளக்காரருக்கு அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? முறையாகப் பயில விரும்புகிறவர்களுக்கு, பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் பொன்னானியில், 1900இல் தோன்றிய மஊனத்துல் இஸ்லாம் சபை இருக்கிறது; புதியவர்களுக்கு அங்கே தங்கிப் பயில வசதியுண்டு. ஆனால் வேலையை விட்டு அங்கே போக இயலாதவர்களுக்குத் தெருமுனைப் பள்ளிவாசல் இமாமே போதும்.

வீட்டைப் பற்றி எழுதாமல் இம்மடலை முடிக்க மனம் வரவில்லை. மதம் மாறியதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொண்ட தாய், பிள்ளை பகலில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான் என்று கேட்டதும் துடித்துப்போவாள். அவளிடம் வாதம் செய்யாதீர்கள். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் விரதம் இருந்தவளுக்கு உபவாசத்தின் தத்துவத்தை நீங்கள் விளக்கப் புறப்பட வேண்டாம். இது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, இரவில் வயிறார உண்ணலாம், உடம்புக்கு முடியாவிட்டால் விட்டுவிடலாம் என்ற மூன்று செய்திகளைச் சொன்னால் பாதி பயம் தீர்ந்துவிடும். இஸ்லாத்தை ஏற்காத தம் தாயார் தம்மைப் பார்க்க வந்தபோது, அவரை எப்படி நடத்துவது என்று நபித்தோழர் அபூபக்கரின் மகளார் அஸ்மா கேட்டதற்கு, உறவோடு இருந்து உபசரிக்கும்படியே நபிகளார் பணித்தார்கள். தைப்பொங்கலோ குலதெய்வப் பொங்கலோ நோன்பு மாதத்தில் வந்து, வீட்டுக்கு வரச்சொன்னால், வழிபாட்டில் கலந்துகொள்ள முடியாததைப் பணிவாகச் சொல்லிவிட்டு, மாலையில் போய் அம்மா கையால் நோன்பு திறக்கிறேன் என்று சொல்லுங்கள். சில வீடுகளில் அந்தத் தாய்மாரே விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சோறு வடிப்பதைக் கேள்விப்படுகிறோம். கதவைச் சாத்திவிட்ட வீடுகளும் உண்டு. அந்த வீட்டாருக்கு ரமலானில் ஒருநாள் பழம் வாங்கி அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷமும் அனுப்புங்கள்.

பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிற ஜமாஅத் பெரியவர்களுக்கும் இரண்டு வார்த்தை. புதியவரை இஃப்தார் மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, அவர் ஏன் வந்தார் என்ற கதையை ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மேடையிலிருந்து இறங்கியபின் அவர் சஹருக்கு எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? ஜகாத் வாங்குவோர் வகைகளில், உள்ளங்கள் இணக்கப்பட வேண்டியவர்களையும் குர்ஆன் ஒரு வகையாகக் கூறியிருக்கிறது. அந்த நிதியிலிருந்து கொடுப்பதானால் பிறர் அறியாமல் கொடுங்கள்.

கம்பெனி முதலாளிகளிடம் நான் கேட்பது பத்து நிமிஷம். 1920களின் நடுவில் குலாம் காதர் அவர்கள் நிறுவிய பேபி நிட்டிங் தொழிற்சாலையிலிருந்துதான் இவ்வூரின் பனியன் சரித்திரம் தொடங்குகிறது என்று இத்தொழிலின் வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்து வளர்த்த அந்தத் தொழிலில், மஃரிபு பாங்கு கேட்கும்போது ஒரு டெய்லர் எழுந்து தண்ணீரும் பழமும் உண்டு தொழுதுவிட்டு வருவதால் எந்த ஏற்றுமதியும் தவறிவிடாது. பல கம்பெனிகளில் இது சொல்லாமலே நடந்து வருகிறது. பக்கத்து மிஷின்காரர் அவருக்காக நூல் அறுந்த இடத்தைக் கோத்து வைத்திருப்பதையும் காணலாம்.

இறுதியாக, காரிய அளவில் சில. தராவீஹ் தொழுகையில் முழுவதும் நிற்க முடியாவிட்டால் முடிந்த அளவு நின்றுவிட்டுப் போய் உறங்குங்கள். அது சுன்னத், உங்கள் காலை வேலை குடும்பத்தின் சோறு. கடைசிப் பத்து இரவுகளுக்குக் கொஞ்சம் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பெருநாள் தருமமான பித்ராவாக ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசியைப் பெருநாள் தொழுகைக்கு முன்னால் ஏழைகளுக்குச் சேர்க்க வேண்டும். பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமைச் சம்பளத்திலேயே அதை எடுத்து வைத்துவிடுவது உத்தமம். பெருநாள் விடுமுறை கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு: பிறை 29ஆம் நாள் மாலையில் தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் அதற்கடுத்த நாள், முந்திய இரவு வரை எவராலும் உறுதி சொல்ல முடியாது. தேதியைக் குறிக்காமல் லீவு கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். ஆதலால் ஒரு வாரம் முன்னதாகவே இரண்டு தேதிகளையும் எழுதிக் கொடுத்து, இவ்விரண்டில் ஒரு நாள் என்று சொல்லி வையுங்கள்; பிறைச் செய்தி வந்ததும் அன்றிரவே அவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

உங்கள் நலம் நாடும்,
திருப்பூர்ச் சகோதரன்